ஒன்றரைக் கிலோ எடை, நான்கு டயர்கள்

ரிமோட்டால் இயக்கப்படும் பந்தயக் கார்களுள், உண்மைக் காரின் பத்தில் ஒரு பங்கு நீளத்தில் செய்யப்படும் ‘டூரிங் கார்’ வகை, புதிதாகத் தொடங்குவோருக்கும் உலகப் போட்டிகளில் ஓட்டுவோருக்கும் பொதுவான ஒன்றாகும். ஜப்பானின் ஷிசுவோகா நகரிலுள்ள தமியா நிறுவனம், 1976ஆம் ஆண்டில் போர்ஷே 934 காரின் பன்னிரண்டில் ஒரு பங்கு மாதிரியை வெளியிட்டு இத்துறையில் காலடி வைத்தது. அதே நிறுவனம் 2013இல் கொண்டுவந்த டிடி-02 என்னும் சேஸிஸ், நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் எளிய அமைப்புடையது என்பதாலும், அதற்கான உதிரிபாகங்கள் பல நிறுவனங்களிலிருந்து கிடைப்பதாலும், காரை மேம்படுத்திப் பழக விரும்புவோரின் முதல் தேர்வுகளுள் ஒன்றாக இருந்துவருகிறது. இந்த அத்தியாயம் அந்தச் சேஸிஸையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. ஆயினும் இங்கு சொல்லப்படுபவற்றுள் பெரும்பாலானவை அளவால் சிறிய எந்தப் பந்தயக் காருக்கும் பொருந்துவன, ஏனெனில் அவை சிறுமையின் இயற்பியலிலிருந்தே பிறக்கின்றன.

நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தில் ஒரு பங்காகக் குறையும்போது கன அளவு ஆயிரத்தில் ஒரு பங்காகிறது. அதனால் 1,500 கிலோ எடையுள்ள ஒரு காரை அதே அடர்த்தியோடு சுருக்கினால் 1.5 கிலோ எடையுள்ள மாதிரி கிடைக்கிறது. உண்மையில் பத்தில் ஒரு பங்கு டூரிங் கார்கள் பேட்டரியோடு சேர்த்து ஏறத்தாழ அந்த எடையிலேயே அமைந்திருப்பது சுவையான ஒற்றுமை. ஆனால் வேகம் பத்தில் ஒன்றாகச் சுருங்குவதில்லை. வளைவில் திரும்பும் ஒரு கார் எட்டக்கூடிய வேகம், டயரின் பிடிமானம், புவியீர்ப்பு முடுக்கம், வளைவின் ஆரம் ஆகிய மூன்றின் பெருக்குத்தொகையின் வர்க்கமூலத்துக்குச் சமம். பிடிமானக் கெழு, அதாவது டயர் தரும் உராய்வு விசைக்கும் அதன் மீதுள்ள சுமைக்கும் இடையிலான விகிதம், 1 என்று வைத்துக்கொண்டால், 20 மீட்டர் ஆரமுள்ள வளைவில் உண்மைக் கார் மணிக்கு 50 கி.மீ. வேகத்திலும், 2 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மாதிரிக் கார் மணிக்கு 16 கி.மீ. வேகத்திலும் திரும்ப முடியும். நீளம் பத்தில் ஒன்றானபோது வேகம் பத்தின் வர்க்கமூலமான 3.16ஆல் மட்டுமே வகுபட்டிருக்கிறது. மாதிரிக் காரின் வேகத்தைப் பத்தால் பெருக்கி மணிக்கு 400 கி.மீ., 500 கி.மீ. என்று பெட்டியின் மீது அச்சிடும் வழக்கம் விற்பனைக்கு உதவலாம். இயற்பியலின்படி பெருக்க வேண்டிய எண் 3.16 மட்டுமே.

இந்தக் கணக்கை இன்னும் ஒரு படி நீட்டினால், மேம்பாடு பற்றிய பெரும்பாலான தவறான எண்ணங்கள் கலைந்துவிடும். திறன் என்பது விசையையும் வேகத்தையும் பெருக்கி வருவது. விசை எடையைப் போலவே ஆயிரத்தில் ஒரு பங்காகவும், வேகம் 3.16இல் ஒரு பங்காகவும் குறைவதால், மாதிரிக்குத் தேவையான திறன் உண்மைக் காரின் திறனில் ஏறத்தாழ 3,160இல் ஒரு பங்கு. இருநூறு குதிரைத்திறன் கொண்ட காரின் மிடுக்கைச் சிறிய அளவில் பெறுவதற்கு 47 வாட் போதும். தொடக்கநிலைக் கிட்களோடு வரும் சாதாரண 540 அளவுத் தூரிகை மோட்டாரின் உச்சத் திறனே இதைவிடக் கூடுதல். தூரிகையற்ற மோட்டார்கள் பல நூறு வாட்களைத் தருகின்றன. ஆகவே கடையிலிருந்து வீட்டுக்கு வரும் நாளிலேயே இந்தக் கார் தன் அளவுக்கு மிஞ்சிய வலிமை கொண்டதாகத்தான் இருக்கிறது.

அந்த வலிமையில் எவ்வளவு தரைக்குப் போய்ச் சேருகிறது என்பதை டயர் தீர்மானிக்கிறது. 1.5 கிலோ எடையுள்ள கார், பிடிமானக் கெழு 1 எனக் கொண்டால், நான்கு டயர்களும் சேர்ந்து முன்னோக்கித் தரக்கூடிய விசை அதிகபட்சம் 14.7 நியூட்டன். வளைவிலிருந்து வெளிவரும்போது கார் வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் இருந்தால், அந்தக் கணத்தில் பயன்படக்கூடிய திறன் சுமார் 73 வாட். அதற்கு மேல் மோட்டார் தரும் ஒவ்வொரு வாட்டும் சக்கரத்தை வழுக்கிச் சுழலச் செய்து ரப்பரைத் தேய்ப்பதற்கே செலவாகிறது. நீண்ட நேர்ப்பாதையின் பிற்பகுதியில் மட்டுமே பெரிய மோட்டாருக்கு வேலை உண்டு. சிறிய தடங்களில் அந்தப் பகுதி மிகக் குறுகியது. புதிதாக வருவோர் முதலில் வாங்குவது மோட்டாராகவும் கடைசியில் வாங்குவது டயராகவும் இருப்பது இத்துறையின் பழைய வழக்கம். பணத்தை வீணாக்குவதற்கு அதைவிடச் சிறந்த வரிசை இல்லை.

டயரைத் தேர்ந்தெடுப்பதில் ரப்பரின் மென்மை, உள்ளே வைக்கப்படும் நுரை வளையத்தின் கடினம், டயர் சக்கரத்தோடு பசையிட்டு ஒட்டப்பட்டிருக்கும் செம்மை ஆகிய மூன்றும் முக்கியமானவை. கிட்டோடு வரும் டயர்கள் நீண்ட நாள் உழைக்க வேண்டும் என்பதற்காகக் கடினமான ரப்பரால் செய்யப்படுகின்றன. தார்த் தடத்துக்கும் தரைவிரிப்பு பரப்பிய உள்ளரங்கத் தடத்துக்கும் ஒரே டயர் பொருந்தாது. தடத்தின் வெப்பநிலை மாறினாலும் பொருத்தமான ரப்பர் மாறிவிடுகிறது. குளிர்ந்த தடத்தில் நன்கு பற்றும் மென்மையான ரப்பர், வெயிலில் காய்ந்த தாரின் மீது குழைந்து சில சுற்றுகளிலேயே பிடிமானத்தை இழந்துவிடுகிறது. அதனால்தான் பந்தயங்களில் பெரும்பாலும் ஒரே வகை டயரை எல்லோருக்கும் விதித்துவிடுகிறார்கள். இல்லையேல் போட்டி டயர்ப் பெட்டிகளின் எண்ணிக்கையில் முடிந்துவிடும்.

டயர் பற்றிய மற்றோர் உண்மை, காரைச் சீரமைக்கும் கலை முழுவதற்கும் அடிப்படையாக அமைகிறது. டயரின் மீதுள்ள சுமை இரு மடங்கானால் அது தரும் பிடிமான விசையும் இரு மடங்காகும் என்று எதிர்பார்ப்பது இயல்பு; ஆனால் ரப்பர் டயர் இரு மடங்குக்குச் சற்றுக் குறைவாகவே தருகிறது. சுமை கூடக்கூடப் பிடிமானக் கெழு மெல்லச் சரிகிறது என்பதே இதன் பொருள். இப்போது 1.5 கிலோ கார் ஒரு வளைவில், புவியீர்ப்பு முடுக்கத்துக்குச் சமமான பக்கவாட்டு முடுக்கத்தோடு திரும்புவதாகக் கொள்ளலாம். அதன் எடைமையம் தரையிலிருந்து 3 செ.மீ. உயரத்திலும், இடது வலது டயர்களுக்கு இடையிலான தூரம் 16 செ.மீ. ஆகவும் இருந்தால், உட்புற டயர்களிலிருந்து வெளிப்புற டயர்களுக்கு இடம்மாறும் சுமை சுமார் 280 கிராம். ஒவ்வொரு பக்கமும் 750 கிராமாக இருந்த சுமை, வெளிப்புறம் 1,030 கிராமாகவும் உட்புறம் 470 கிராமாகவும் பிரிந்துவிடுகிறது. வெளிப்புறம் பெற்ற கூடுதல் பிடிமானம், உட்புறம் இழந்ததை ஈடுகட்டுவதில்லை. மொத்தத்தில் கார் ஒரு பங்கை இழக்கிறது. எடைமையத்தைத் தாழ்த்த வேண்டும், பேட்டரியையும் மின்னணுப் பாகங்களையும் சேஸிஸின் அடிமட்டத்தில் வைக்க வேண்டும், இடது வலது எடைகளைச் சமப்படுத்த வேண்டும் என்னும் அறிவுரைகள் எல்லாம் இந்த இழப்பைக் குறைப்பதற்காகச் சொல்லப்படுபவையே.

மொத்த இழப்பைக் குறைக்க வழியில்லாதபோதும் அதை முன்னும் பின்னுமாகப் பங்கிட வழி உண்டு, அந்தப் பங்கீட்டையே சீரமைப்பு என்கிறார்கள். கார் வெளிப்புறம் சாயும்போது, எந்த அச்சின் ஸ்பிரிங் கடினமாக இருக்கிறதோ அந்த அச்சு சாய்வை அதிகமாக எதிர்த்து, இடம்மாறும் சுமையில் பெரும் பங்கை ஏற்றுக்கொள்கிறது. அதனால் அந்த அச்சின் இரு டயர்களும் சேர்ந்து தரும் பிடிமானம் குறைகிறது. முன்புற ஸ்பிரிங்கைக் கடினமாக்கினால், ஸ்டியரிங்கைத் திருப்பியும் கார் திரும்பாமல் மூக்கை வெளியே தள்ளிச் செல்லும். பின்புறத்தைக் கடினமாக்கினால் வால் வெளியே வீசிக் கார் சுழன்றுவிடும். இடது வலது சக்கரங்களை இணைக்கும் மெல்லிய எஃகுக் கம்பியாகிய ஸ்டெபிலைசரும் இதே வேலையைச் செய்கிறது. சாய்வை மட்டும் எதிர்த்து, இரு சக்கரங்களும் ஒருசேர ஏறி இறங்குவதைத் தடுக்காமல் விடுவது அதன் சிறப்பு. எந்த முனையில் பிடிமானம் போதவில்லையோ அந்த முனையை மென்மையாக்க வேண்டும் என்பது இதிலிருந்து கிடைக்கும் விதி. வழுக்கும் முனையை இறுக்கிக் கட்ட வேண்டும் என்று உள்ளுணர்வு சொல்வதற்கு இது நேர் எதிரானது. முதல் ஆண்டில் பலரும் திருகாணியைத் தவறான திசையில் திருப்புவதற்கு உள்ளுணர்வே காரணம்.

இவ்வாறு நுட்பமாகச் சீரமைப்பதற்குக் கார் முதலில் தகுதி பெற வேண்டும். தொடக்கநிலைக் கிட் பல வேளைகளில் அந்தத் தகுதியோடு வருவதில்லை. சக்கர அச்சுகள் பந்துத் தாங்கியான பேரிங்கில் சுழலாமல், பிளாஸ்டிக் அல்லது உலோக வளையங்களில் உரசிச் சுழல்வது முதல் குறை. டிடி-02 போன்ற கார்களில் 1150 எனப்படும் பேரிங், அதாவது 11 மி.மீ. வெளிவிட்டமும் 5 மி.மீ. உள்விட்டமும் கொண்டது, அந்த வளையங்களின் இடத்தில் அப்படியே பொருந்துகிறது. உராய்வு குறைந்து வேகம் கூடுவதே இதன் பயன் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அதைவிடப் பெரிய பயன், வளையம் தேய்ந்து அச்சில் உண்டாகும் ஆட்டம் நீங்குவது. சக்கரம் அரை டிகிரி ஆடினால், அரை டிகிரி துல்லியத்தில் வைத்த எந்தக் கோணத்துக்கும் பொருளில்லை.

இரண்டாவது குறை ஷாக் அப்சார்பரில் உள்ளது. கிட்டில் வரும் எளிய வகையில் எண்ணெய் இல்லை. பிளாஸ்டிக் தண்டு பிளாஸ்டிக் குழாயில் உரசுவதே தணிப்பை உண்டாக்குகிறது. உலர்ந்த உராய்வின் இயல்பு, அசைவின் வேகம் எதுவானாலும் ஏறத்தாழ ஒரே அளவு எதிர்ப்பைத் தருவதும், ஒரு குறிப்பிட்ட விசைக்குக் கீழே சற்றும் அசையாமல் நிற்பதும் ஆகும். ஆகவே சிறு மேடுகளில் ஸ்பிரிங் இயங்காமல் கார் முழுவதும் துள்ளுகிறது. பெரிய மேட்டில் தணிப்பு போதாமல் மீண்டும் மீண்டும் ஆடுகிறது. தடத்தின் கரடுமுரடு காரோடு சேர்ந்து சுருங்குவதில்லை என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்: 5 மி.மீ. உயரமுள்ள கூழாங்கல், இந்தக் காருக்கு உண்மைக் காரின் முன் கிடக்கும் 5 செ.மீ. கல்லுக்குச் சமம். எண்ணெய் நிரம்பிய ஷாக் அப்சார்பரில், துளையிட்ட வட்டத்தகடு ஒன்று சிலிக்கோன் எண்ணெயின் ஊடே நகர்வதால், எதிர்ப்பு அசைவின் வேகத்தோடு கூடுகிறது; மெதுவான அசைவுக்கு இடம் கொடுத்து, வேகமான துள்ளலை அடக்குகிறது. துளைகளின் எண்ணிக்கையையும் எண்ணெயின் பாகுநிலையையும் மாற்றி இதைத் திட்டமிடலாம். பாகுநிலை சென்டிஸ்டோக்ஸ் என்னும் அலகில் அளக்கப்படுகிறது. டூரிங் கார்களில் 300 முதல் 500 வரை பழக்கமான அளவு. நிரப்பும்போது காற்றுக் குமிழி தங்கிவிட்டால் நான்கு ஷாக்குகளும் நான்கு விதமாக நடந்துகொள்ளும் என்பதால், விலையுயர்ந்த ஷாக்கை அவசரமாக நிரப்புவதைக் காட்டிலும் மலிவானதைப் பொறுமையாக நிரப்புவது மேல்.

ஸ்டியரிங் இணைப்புகளில் உள்ள ஆட்டம் மூன்றாவது. பேரிங் பொருத்திய அலுமினிய ஸ்டியரிங் தொகுதி இந்தச் சேஸிஸில் உண்மையாகவே பயன் தரும் உலோகப் பாகம். நீலத்திலும் சிவப்பிலும் மின்னும் மற்ற அலுமினியப் பாகங்களைப் பற்றி அவ்வாறு சொல்ல முடியாது. சுவரில் மோதும்போது பிளாஸ்டிக் சக்கரக்கை வளைந்து ஆற்றலை விழுங்கி மீண்டும் நிமிர்கிறது. அலுமினியக் கை வளைந்தால் வளைந்தபடியே நின்றுவிடும், அல்லது தான் வளையாமல் விசையைச் சேஸிஸுக்குக் கடத்தி அதன் திருகுத்துளையைப் பிய்த்துவிடும். குறைந்த விலைப் பாகம் ஒன்று முதலில் உடையும்படி விட்டுவைப்பது வடிவமைப்பாளர் யோசித்துச் செய்த ஏற்பாடு. மோதலின் அதிர்ச்சி ஸ்டியரிங் சர்வோ மோட்டாரின் பற்களைத் தாக்காதபடி இடையில் வைக்கப்படும் ஸ்பிரிங் பொதிந்த கை, சர்வோ சேவர், இதே சிந்தனையிலிருந்து பிறந்ததுதான்.

விசைத்தொடரில் டிஃபரன்ஷியலும் கியர் விகிதமும் கவனிக்க வேண்டியவை. வளைவில் வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட நீண்ட தூரம் ஓட வேண்டியிருப்பதால், இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல டிஃபரன்ஷியல் இடம் தருகிறது. ஆனால் அது இரு பக்கமும் சமமான முறுக்குவிசையையே அனுப்பும். உட்சக்கரத்தின் சுமை குறைந்து அது வழுக்கத் தொடங்கியதும், வெளிச்சக்கரத்துக்குக் கிடைக்கும் விசையும் அதே சிறிய அளவுக்கு இறங்கிவிடுகிறது. பற்களுக்கிடையே கெட்டியான கிரீஸையோ, பாகுநிலை மிகுந்த சிலிக்கோன் எண்ணெயையோ நிரப்பி இந்த ஓட்டத்தைக் கட்டுப்படுத்துவது வழக்கம். தொடக்கநிலைக் கார்களின் டிஃபரன்ஷியல் பெட்டி பெரும்பாலும் எண்ணெய் கசியாதபடி அடைக்கப்பட்டதாக இருப்பதில்லை என்பதால் அவற்றுக்குக் கிரீஸே பொருந்தும்.

கியர் விகிதத்தைப் பொறுத்தவரை, டிடி-02இல் மோட்டார் தண்டிலுள்ள சிறு பல்சக்கரமான பினியனுக்கு 22 பற்கள், அது சுழற்றும் பெரிய பல்சக்கரத்துக்கு 70 பற்கள், அதற்குப் பிறகு உள்ளே 2.6 என்னும் மாறாத விகிதம். மூன்றும் சேர்ந்து 8.27. அதாவது மோட்டார் 8.27 முறை சுழலும்போது சக்கரம் ஒரு முறை சுழலும். டயரின் சுற்றளவு ஏறத்தாழ 20 செ.மீ. ஆகையால், மோட்டார் நிமிடத்துக்கு 15,000 சுற்றில் ஓடினால் கார் மணிக்கு ஏறத்தாழ 21.8 கி.மீ. வேகம் எடுக்கும். பினியனில் ஒரே ஒரு பல்லைக் கூட்டி 23 ஆக்கினால் விகிதம் 7.91 ஆகவும், வேகம் மணிக்கு 22.8 கி.மீ. ஆகவும் மாறும். மோட்டார் அதே சுற்றில் ஓடினால்தான் இந்தக் கணக்கு செல்லும். கூடுதல் சுமையில் அது ஓடாது என்பதுதான் சிக்கல். நேர்மின் மோட்டார் தன் சுமையற்ற வேகத்தில் பாதியில் சுழலும்போது உச்சத் திறனைத் தருகிறது, ஆனால் அங்கே அது உள்வாங்கும் மின்திறனில் பாதிக்கும் மேல் வெப்பமாகிறது. சுருளின் வெப்பநிலை 50 டிகிரி உயர்ந்தால் செம்பின் மின்தடை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது. அதனால் இழப்பு மேலும் கூடி, ஐந்து நிமிடப் பந்தயத்தின் முதல் நிமிடத்தில் முந்திய கார் கடைசி நிமிடத்தில் பின்தங்குகிறது. பெரிய பினியனைப் போட்டவர் ஓட்டம் முடிந்ததும் அகச்சிவப்பு வெப்பமானியால் மோட்டாரை அளந்து பார்ப்பது, வேகத்தை அளந்து பார்ப்பதைவிடப் பயனுள்ளது.

ஆறு செல் நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு பேட்டரியின் பெயரளவு மின்னழுத்தம் 7.2 வோல்ட், இரு செல் லித்தியம் பாலிமர் பேட்டரி 7.4 வோல்ட், முழுதும் மின்னேற்றியபோது 8.4 வோல்ட். லித்தியம் வகை எடை குறைந்தது, உள்மின்தடை சிறியது. செல்லின் மின்னழுத்தம் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அது பழுதாகும் என்பதால், வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குத் தானாக நிறுத்தும் வசதி உண்டா என்று பார்த்த பிறகே அதைப் பொருத்த வேண்டும். ஆள் பார்க்காத இடத்தில் அதற்கு மின்னேற்றுவது தீவிபத்தை அழைப்பதாகும்.

ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிமனுள்ள பாலிகார்பனேட் உடற்கூட்டை அலங்காரமாகக் கருதுவோர் உண்டு. காற்றின் அழுத்துவிசை பரப்போடு, அதாவது நூறில் ஒரு பங்காக மட்டுமே சுருங்க, எடை ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்குவதால், சம வேகத்தில் சிறிய காரின் எடையோடு ஒப்பிடும்போது காற்றின் பங்கு பத்து மடங்கு பெரியது. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் ஓடும் மாதிரியின் பின்சிறகு, மணிக்கு 190 கி.மீ. வேகத்தில் ஓடும் உண்மைக் காரின் சிறகுக்கு ஒப்பாக வேலை செய்கிறது. பந்தய வீரர்கள் அழகிய கார் உருவங்களை விட்டுவிட்டு, தட்டையான மூக்கும் முன்தள்ளிய கூரையும் கொண்ட, எந்தக் காரையும் ஒத்திராத கூடுகளை மாட்டுவதற்கு இதுவே காரணம்.

சக்கரக் கோணங்களில் இரண்டை மட்டும் இங்கே குறிப்பிட்டால் போதும். சக்கரத்தின் மேல்விளிம்பு உட்புறம் சாய்ந்திருப்பது எதிர்க் கேம்பர். வளைவில் கார் வெளிப்புறம் சாயும்போது வெளிச்சக்கரம் தரையில் தட்டையாகப் படிய ஒன்று அல்லது இரண்டு டிகிரி போதும். மேலிருந்து பார்க்கையில் பின்சக்கரங்களின் முன்விளிம்புகள் உட்புறம் நோக்கியிருப்பது டோ-இன். இரண்டு மூன்று டிகிரி அளவில் இது நேர்ப்பாதையில் சிறிது வேகத்தைத் தின்றாலும், வாலை வீசவிடாமல் பிடித்துவைக்கிறது.

வேகம் 3.16ஆல் வகுபடும்போது நீளம் பத்தால் வகுபடுவதால், சிறிய காரில் எந்த நிகழ்வும் 3.16 மடங்கு விரைவாக நடந்து முடிகிறது. மனிதனின் எதிர்வினை நேரமோ ஏறத்தாழ கால் வினாடி என்ற அளவிலேயே நிற்கிறது. உண்மைக் காரை ஓட்டும் ஒருவரின் எதிர்வினை முக்கால் வினாடிக்கு மேல் மந்தமாகிவிட்டால் என்ன ஆகுமோ, அந்த நிலையில்தான் மாதிரிக் காரை ஓட்டுபவர் எப்போதும் இருக்கிறார். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் அந்தக் கால் வினாடிக்குள் கார் சுமார் 2.8 மீட்டர், அதாவது தன் நீளத்தைப் போல் ஆறு மடங்கு தூரம் போய்விடும். ஆகவே அதிவேகச் சுற்றைத் தரும் அமைப்பைவிட, பிழையைப் பொறுத்துக்கொள்ளும் அமைப்பு பந்தயத்தின் முடிவில் முன்னால் வருவது வழக்கம். ஒரு மாற்றத்தின் பயனை மதிப்பிடும்போது மிகச் சிறந்த ஒரு சுற்றின் நேரத்தைப் பார்க்காமல், பத்துப் பதினைந்து சுற்றுகளின் சராசரியையும் அவற்றின் ஏற்ற இறக்கத்தையும் பார்ப்பதும், ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே மாற்றி அதைத் தடத்தின் வெப்பநிலையோடு தாளில் குறித்துவைப்பதும் இதனால்தான் பழக்கமாயின.

பெயர்பெற்ற ஓட்டுநர்கள் தம் காரின் அமைப்புத் தாள்களை வெளியிடுகின்றனர்; ஸ்பிரிங் நிறம், எண்ணெய் எண், கோணங்கள் யாவும் அவற்றில் இருக்கும். அந்தத் தாளின்படி அமைத்த கார் புதியவர் கையில் முதல் வளைவிலேயே சுழன்றுவிடுவது அரிதல்ல, ஏனெனில் அது கூர்மையாகத் திரும்பும்படி, வழுக்கலின் விளிம்பில் வைத்து அமைக்கப்பட்டது. அந்த விளிம்பில் நிறுத்திவைப்பது எழுதியவரின் விரல்கள். அத்தகைய தாளைப் பின்பற்றுபவர் தடத்தில் இறங்குமுன் பின்புற ஸ்பிரிங்கை ஒரு படி மென்மையாக்கி, பின்சக்கர டோ-இன்னை அரை டிகிரி கூட்டி, ரிமோட்டில் ஸ்டியரிங் திரும்பும் எல்லையைக் குறைத்து, ஸ்டியரிங் சக்கரத்தின் மையப் பகுதியில் உணர்வைத் தணிக்கும் எக்ஸ்போ அமைப்பையும் சிறிது சேர்த்துக்கொள்வது நல்லது.